சம்பந்தி செய்த நடைவண்டி

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சம்பந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மெத்தென்று இருந்தது.

அதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். விசேஷம் இருக்கிறது. அவர் மரவேலை செய்கிறவர்! ரிட்டயர் ஆன பிறகு கற்றுக்கொண்டாராம். ஒரு வருஷமாக எங்கள் குடும்ப குரூப்பில் படம் படமாகப் போட்டுத் தள்ளுகிறார். முக்காலி, செருப்பு ஸ்டாண்டு, சுவர் அலமாரி... ஒவ்வொன்றும் கடையில் வாங்கியது போல இருக்கும். இந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள் — கடையில் வாங்கியது போல!

நானும் மரவேலை செய்கிறவன்தான். இந்தப் பத்திரிகையில் என் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. வீட்டோடு ஒரு கார் ஷெட். கார் கிடையாது, ஷெட் மட்டும் உண்டு. அதில் ஒரு பழைய மேஜையைப் போட்டு, செல்போனில் வீடியோ பார்த்து, ரம்பமும் இழைப்புளியுமாக இறங்கினேன்.

பலன்? என் இடது கட்டைவிரல் நகம் கறுத்து, விழுந்து, இப்போது மறுபடி முளைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையில் காய்ப்பு. ஆள்காட்டி விரலில் உளி போட்ட தழும்பு. ஒருநாள் என் மனைவி ஸ்டெல்லா ரசத்திலிருந்து மரச்சீவல் ஒன்றைக் கரண்டியில் எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இத்தனை சேதாரத்துக்குப் பிறகும் நான் செய்த முக்காலியில் உட்கார்ந்தால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வணக்கம் சொல்லும்.

அவருக்கு மட்டும் எப்படி ஒரு கீறல்கூட இல்லை?

அன்றைக்கே லேசாகத் துருவினேன்.

"இந்த அலமாரிக்கு என்ன மரம் போட்டீங்க சம்பந்தி?"

"நல்ல மரந்தான்."

"கைரம்பமா, மெஷினா?"

"அது... ரெண்டும் மாத்தி மாத்தி."

"மூலைக்கு எப்டி? ஸ்க்ரூ போட்டீங்களா, குழி வெட்டிச் செருவுனீங்களா?"

"காப்பி ஆறிடப் போவுது. மொதல்ல குடிங்க."

சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். பெட்டிக்குள் நான் ஏறியதும் திடீரென்று தூங்க ஆரம்பிக்கிற பயணிகளை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் வழியாக இயற்கையை ரசிக்கத் தொடங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மின்விசிறியைப் பார்ப்பது அதே ரகம்தான்.

சம்பந்தி பழனிவேல் சிதம்பரத்துக்காரர். சேத்தியாத்தோப்புப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். கூட்டுறவு சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்தவர். அவர் மகள் கலைவாணியும் என் மகன் அருளும் புதுச்சேரியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, பழகி, பிடிவாதம் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள்; எங்கள் கோயிலுக்குப் போனால் மணி அடித்துப் பூசை வைப்பவர் சாமியார். அவர்கள் கோயிலுக்குப் போனால் தீட்சிதர். சர்ச்சில் ஒரு கல்யாணம், மண்டபத்தில் ஒரு கல்யாணம் என்று இரண்டாக நடத்தினோம். பிறந்த பையனுக்கும் இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர். சண்டை வேண்டாம் என்று பிறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக நிலன் என்று போட்டார்கள்.

கல்யாணத்தின்போது பழனிவேல் என்னிடம் சொன்னது இது: "எங்க வீட்ல எல்லாருக்கும் முழு சம்மதம் சம்பந்தி."

ஆனால் மண்டபத்தில் அவர் பக்கத்து நாற்காலிகளில் பாதி காலி. அவருடைய சொந்த அண்ணனே வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார். சொல்லும்போது அப்போதும் மேலேதான் பார்த்தார்.

அன்றிலிருந்து எனக்கு அவர் சிரிப்பின்மேல் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுப் பையனை உண்மையிலேயே பிடித்துத்தான் பெண் கொடுத்தாரா? இல்லை, வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தாரா? இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்கவே முடியாத கேள்வி மனதில் இருந்தால், கேட்க முடிந்த கேள்விகளை மனுஷன் அதிகமாகக் கேட்பான் போலிருக்கிறது. நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் நடைவண்டி வந்தது.

பேரனுக்கு முதல் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற பருவம். கலைவாணி குரூப்பில் போட்டாள்: "ரெண்டு தாத்தாவும் மரவேலைல கலக்குறீங்க. நிலனுக்கு யாரு நடைவண்டி செஞ்சு தரப்போறீங்க?"

நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் பழனிவேல் பதில் போட்டுவிட்டார். "நானே செய்துவிடுகிறேன்."

விடுவேனா? "நானும்தான்" என்று போட்டேன். மருமகள் கைதட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பி, "ரெண்டு வண்டி! குட்டி ராஜாதான்" என்று முடித்துவிட்டாள். பிறந்தநாள் சிதம்பரத்தில், அவர்கள் வீட்டில்.

பண்ருட்டிப் பக்கம் போய் நல்ல பலாப் பலகை வாங்கி வந்தேன். மூன்று சக்கரம், ஒரு சட்டம், பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கைப்பிடி. வீடியோவில் பார்த்தால் விளையாட்டுப் போல இருந்தது. இரண்டாவது நாளே கைப்பிடிக்குக் குழி எப்படிச் சாய்வாக வெட்டுவது என்று தெரியாமல் முழித்தேன். சரி, எதிரியிடமே கேட்போம் என்று சிதம்பரத்துக்குப் போன் அடித்தேன்.

"கைப்பிடிய எத்தினி சாய்வா வெச்சீங்க சம்பந்தி?"

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

செருப்புச் சத்தம். கதவுச் சத்தம். தூரத்தில் யாரோ தணிந்த குரலில் ஏதோ சொல்கிறார்கள். மறுபடி செருப்புச் சத்தம்.

"ரொம்ப சாய்க்க வேணாம் சம்பந்தி. நேரா நிக்கிற மாதிரி இருக்கட்டும், ஒரு மயிரிழை பின்னால."

சரியான பதில். சந்தேகமில்லாத பதில். ஆனால் யாருடைய பதில்?

போனை வைத்ததும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "ஆள் வெச்சிருக்காரு."

"என்ன ஆளு?"

"ஆசாரி. பின்னாடி உக்கார வெச்சு வேலை வாங்கிட்டு, முன்னாடி இவரு போட்டோவுக்கு நிக்கிறாரு. எந்தப் படத்துலயாவது அவரு கையில ரம்பம் இருக்குதா பாரு. எல்லாமே செஞ்சு முடிச்சப்புறம் எடுத்த படம்."

ஸ்டெல்லா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வெச்சா வெச்சுட்டுப் போறாரு. உங்களுக்கு என்ன போவுது? உங்க கண்ணுக்கு எல்லாரும் டிக்கெட் இல்லாதவன் மாதிரியே தெரிவாங்க."

எனக்கு என்ன போகிறது? நான் நகம் இழந்து செய்கிறேன். அவர் கூலிக்கு வாங்கி, பேரன் முன்னால் பெயர் தட்டிக்கொண்டு போவாரா? அதுகூடப் பரவாயில்லை. ஒரு முக்காலிக்குப் பொய் சொல்கிறவர் கல்யாணத்தில் சொன்னது மட்டும் நிஜமா? இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை காலை பாசஞ்சர் ரயிலில் சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். போன் பண்ணாமல். பழம் கொடுக்கப் போகிறவனை யார் என்ன கேட்க முடியும்?

அவர்கள் தெருவுக்குள் நுழையும்போதே கேட்டது. சர்ர்... சர்ர்... இழைப்புளிச் சத்தம். சீராக, பதறாத கையின் சத்தம். நான் இழைத்தால் அது சர்ர் என்று போய் டொக்கென்று நின்றுவிடும். இது நிற்கவே இல்லை. வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

அழைப்பு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் பழனிவேல். தோளில் துண்டு, கையில் பாதி உரித்த பூண்டு.

"வாங்க... வாங்க சம்பந்தி! ஒரு போன் பண்ணியிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேனே..."

"பழம் நல்லாப் பழுத்துடுச்சு. அதான் குடுத்துட்டுப் போவலாம்னு." காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "பின்னாடி என்ன சத்தம்?"

"அதுவா... பக்கத்து வீட்ல ஏதோ வேலை நடக்குது."

அவர் சொல்லி முடித்ததும் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவ்வளவு நல்ல காதா?

"உங்க ஒர்க்‌ஷாப்பக் காட்டுங்களேன். இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

"சாவிய எங்கயோ வெச்சிட்டேன்..." மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி, பாத்ரூம் எங்க?"

பாத்ரூமுக்குச் சாவி போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டேன். தகரக் கூரை போட்ட ஒரு இடம். கால் புதைகிற அளவுக்கு மரச்சீவல். நடுவில் கனமான ஒரு மேஜை. மேஜையில் நடைவண்டியின் சட்டம்.

இழைப்புளியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஆசாரி இல்லை. சம்பந்தியம்மா!

மங்கையர்க்கரசி அம்மாவை நான் அதுவரை பட்டுப்புடவையில்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நூல் புடவையை இடுப்பில் இழுத்துச் செருகி, மேலே பழனிவேலின் பழைய சட்டை ஒன்றை மாட்டி, மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. என்னைப் பார்த்துத் திடுக்கிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு விநாடி பார்த்தார். மாஸ்க்கை இறக்கினார்.

"வாங்கண்ணே. வந்ததுதான் வந்தீங்க... அந்த முனையக் கொஞ்சம் அசையாமப் பிடிங்க. இன்னும் ரெண்டு இழுப்பு இருக்குது."

பிடித்தேன். வேறென்ன செய்வது?

அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். பழனிவேல் காப்பி கொண்டுவந்து வைத்தார். உட்காரவில்லை. தப்பு செய்தவர் போலச் சுவரோரமாக நின்றார்.

மங்கையர்க்கரசி அம்மா நர்ஸாக இருந்தவர் என்று தெரியும். எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ரம்பம், டிரில்லு, ஸ்க்ரூ, சுத்தி... எல்லாம் நாங்க பார்த்ததுதாண்ணே. காலம் பூரா டாக்டர் கேக்கக் கேக்க எடுத்து அவரு கையில குடுத்தேன். ரிட்டயர் ஆனப்புறம், இனிமே நாமளே எடுத்தா என்னன்னு தோணுச்சு."

முதலில் செய்தது ஒரு பூஜை அலமாரி. அதைப் பெருமையாகப் படமெடுத்து எல்லாருக்கும் காட்டியவர் பழனிவேல்தான். கலைவாணி கல்யாணத்துக்கு முன்னால், சேத்தியாத்தோப்பிலிருந்து அவர் அண்ணன் ஆறுமுகம் வந்திருந்தபோது காட்டியிருக்கிறார். பெரியவர் நாலு பேர் முன்னால் சிரித்திருக்கிறார். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க செய்ற வேலையாடா இது? அவ ரம்பம் எடுக்குறா, நீ அடுப்பு ஊதுறியா?" சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். நாலு கல்யாணத்துக்கு அம்மா போகவே இல்லை. அப்புறம்தான் அந்த ஏற்பாடு. செய்வது அவர். படத்தில் நிற்பது இவர்.

"இவுங்களுக்கு வெக்கம்ணே" என்றார் அம்மா.

"மங்கைக்குத் தொல்லை வேணாம்னுதான் சம்பந்தி" என்றார் பழனிவேல்.

இரண்டில் எது உண்மை? அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். மனைவியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே தங்களைக் காப்பாற்றிக்கொள்கிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் சில சமயம்.

பழனிவேல் சமையலறைக்குள் போனதும் அம்மா குரலைத் தணித்தார். "அண்ணே, இத வெளியில சொல்லாதீங்க. முக்கியமா பொறந்தநாள் அன்னிக்கு. பெரியவரு வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"வரட்டுமே."

"உங்களுக்குத் தெரியாது. கலை கல்யாணத்துல கோச்சுக்கிட்டவரு, அதுக்கப்புறம் இந்த வாசப்படி மிதிக்கவே இல்ல. வேற மதத்துல குடுக்குறதுன்னா என் பொணத்தத் தாண்டிக் குடுன்னாரு. இவுங்க மறுபேச்சுப் பேசுனதே இல்லண்ணே, அண்ணன் முன்னாடி. அன்னிக்குதான் பேசுனாங்க. அந்தப் பையன்தான் என் மருமவன், நீங்க வந்தாலும் வரலன்னாலும் கல்யாணம் நடக்கும்னு சொல்லிட்டு வந்தாங்க. வந்து இங்கதான்... இந்த நாக்காலியிலதான்... சின்னப் புள்ள மாதிரி அழுதாங்க. இப்பதான் பெரியவரு மனசு எறங்கியிருக்காரு. இந்த நேரத்துல ரம்பம், உளின்னு எதையாவது கெளப்பி, திரும்ப முறுக்கிக்கிட்டுப் போயிட்டா?"

நான் காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழு சம்மதம் என்றாரே... அது பொய்தான். ஆனால் என்ன மாதிரிப் பொய்! என் மகனுக்காகச் சொந்த அண்ணனை இழந்துவிட்டு, அது எனக்குத் தெரியக்கூடாது என்று சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் நான் இத்தனை நாள் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தேன்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அம்மா கேட்டார். "உங்க வண்டி எப்டி வந்திருக்குது?"

செல்போனில் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, மரம் ரொம்ப அழகா இருக்குது."

"ஆனா?"

"கைப்பிடி பின் சக்கரத்தத் தாண்டிப் போயிருக்குது. புள்ள அதப் பிடிச்சு எழுந்திரிச்சா வண்டி அவன் மேலயே சாஞ்சிடும். அவன அதப் பிடிச்சு நிக்க மட்டும் வெச்சுடாதீங்க."

மயிரிழை என்றார் அவர். எனக்கு வந்தது நாலு விரற்கடை.

பிறந்தநாள் வந்தது. வீடு நிறையக் கூட்டம். பலூன், கேக், வாழையிலை அடுக்கு. என் நடைவண்டி எங்கே என்று மருமகள் கேட்டாள். "வார்னிஷ் காயலம்மா" என்றேன். ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஆறுமுகம் பெரியவர் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள், வெள்ளை மீசை. என் மகன் போய்க் கும்பிட்டபோது, "ம்..." என்றார். அந்த "ம்" வருவதற்கே அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

நடைவண்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பூவரசு மரம். வழுவழுவென்று, ஒரு பிசிறு இல்லாமல். எல்லாரும் "ஆகா" என்றார்கள். பெரியவர்கூடக் கையால் தடவிப் பார்த்தார். "பரவால்லடா பழனி. உனக்குள்ள இப்டி ஒரு கை இருந்திருக்குது பாரு."

பழனிவேல் சிரித்தார். சமையலறை வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நிலன் கைப்பிடியைப் பிடித்தான். எழுந்தான். தள்ளினான். வண்டி கடகடவென்று கொஞ்ச தூரம் போனது. எல்லாரும் கை தட்டினோம். திடீரென்று ஒரு சக்கரம் நின்றுவிட்டது. வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பிள்ளை தொப்பென்று உட்கார்ந்து வீறிட்டான்.

"என்னடா ஆச்சு?" என்றார் பெரியவர். "சக்கரம் சுத்தல பாரு. சுத்தி எடுத்துட்டு வாங்கடா. டேய் பழனி, உக்காந்து சரி பண்ணு. நாங்களும் பாக்குறோம் உன் கைவேலைய."

யாரோ சுத்தியலைக் கொண்டுவந்து பழனிவேல் கையில் கொடுத்தார்கள். அவர் வண்டி முன்னால் குந்தினார். சுத்தியலை அதன் இரும்புத் தலையை ஒட்டிப் பிடித்திருந்தார். ஒரு தடவையாவது ஆணி அடித்தவன் அப்படிப் பிடிக்க மாட்டான்.

கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கேயாவது ஒரு அடி போட்டாரானால் அந்த மெல்லிய அச்சு பிளந்துவிடும். மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'அப்புறம் பார்க்கலாம்' என்று மழுப்புவார் என்று நினைத்தேன். அவருக்குக் கைகொடுக்கலாம் என்று நானே, "மொதல்ல கேக்க வெட்டிடலாமே சம்பந்தி" என்றேன்.

அவர் சுத்தியலைத் தரையில் வைத்தார்.

"எனக்குத் தெரியாதுண்ணே."

"என்னடா தெரியாது?"

"இது நான் செஞ்சது இல்ல. அந்த முக்காலி, அலமாரி, செருப்பு ஸ்டாண்டு... எதுவும் நான் செஞ்சது இல்ல. எல்லாம் மங்கை செஞ்சது. நான் போட்டோவுக்கு நின்னேன். அவ்ளோதான்."

பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். பழனிவேல் எழுந்து நின்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். சத்தமாகவே கூப்பிட்டார்.

"மங்கை! இங்க வா. இது உன் வேலை. நீ வந்து பாரு."

அம்மா வந்தார். முதலில் கணவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பெரியவர் முகத்தை. பிறகு யாரையும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து வண்டியைக் கவிழ்த்தார். சுத்தியலைத் தொடவே இல்லை. புடவையிலிருந்து ஒரு சேஃப்டி பின்னை எடுத்து, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டு, மெல்ல இழுத்தார். பலூன் நூல்! அச்சில் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. காயத்திலிருந்து தையல் பிரிப்பது போல ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்தார். சக்கரத்தை விரலால் சுண்டினார். ஓடியது.

"ஏன்டா பொய் சொன்ன?" என்றார் பெரியவர்.

"நீங்கதாண்ணே சொன்னீங்க. நம்ம வீட்டுப் பொம்பளைங்க செய்ற வேலையா இதுன்னு. உங்களுக்குப் பயந்துதான் சொன்னேன். தப்பு. மங்கை வேலைக்கு நான் பேர் வாங்குனது தப்பு."

பெரியவர் மீசையைத் தடவினார். எழுந்து போய்விடுவார் என்று கூடத்தில் அத்தனை பேரும் நினைத்தோம். என் மகன் ஒரு அடி முன்னால் வந்துவிட்டான், தடுப்பதற்கு.

"நான் எப்படா சொன்னேன்?" என்றார்.

பாருங்கள்! நாலு கல்யாணத்துக்கு ஒரு பெண்ணைப் போகவிடாமல் செய்த பேச்சு. பேசியவருக்கு ஞாபகமே இல்லை. மறந்தது போல நடிக்கிறாரா என்று கூர்ந்து பார்த்தேன். எனக்கென்னவோ நிஜமாகவே மறந்துவிட்டார் என்றுதான் பட்டது. பேசுகிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

அவர் போகவில்லை. இலையில் உட்கார்ந்து இரண்டாம் முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். செருப்பு மாட்டும்போது திரும்பினார்.

"ஏம்மா மங்கை. அந்த முக்காலி இருக்குதுல்ல... அதுல உயரம் கொஞ்சம் ஜாஸ்தியா ஒண்ணு செய்ய முடியுமா? எனக்கு முட்டி மடக்க முடியல."

"செஞ்சுடலாம் மாமா. அளவு மட்டும் எடுத்துக்குறேன்."

இரும்பு டேப்போடு அம்மா குனிய, அந்த ஆறடி மனிதர் அசையாமல் நின்றார்.

பழனிவேல் என் பக்கத்தில் வந்து நின்றார். என் வண்டிக்கு வார்னிஷ் காயாத கதை பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவருக்கு வந்த தைரியம் எனக்கு வரவில்லை. அவர் இந்தப் பத்தியைப் படிப்பவர் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். சம்பந்தி, அது காய்ந்துவிட்டது. ஆனால் சாய்கிறது.

இப்போது குடும்ப குரூப்பில் அம்மாவே படத்தில் நிற்கிறார், கையில் ரம்பத்தோடு. படம் எடுப்பவர் பழனிவேல்.

போன வாரம் அம்மாவுக்குப் பலா மரம் தேவைப்பட்டது. பெரியவருக்குச் செய்த முக்காலியைப் பார்த்துவிட்டு, சேத்தியாத்தோப்பில் இன்னும் இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறார்களாம். நல்ல மரம் எங்கே கிடைக்கும் என்று அம்மா என்னைக் கேட்டார். அண்ணாகிராமம் பக்கம் ஒரு மர வாடி இருக்கிறது. ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம். ஸ்டெல்லா வழியிலேயே முந்திரிக்கொட்டைக் கடையில் இறங்கிக்கொண்டாள்.

வாடிக்காரர் என்னைத்தான் வரவேற்றார். "சொல்லுங்க சார், எத்தினி அடி வேணும்?"

"அவுங்களக் கேளுங்க."

அம்மா ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். ஓரத்தில் வெடிப்பு இருந்த இரண்டை ஒதுக்கினார். எத்தனை கனம், எத்தனை அகலம் என்று சொன்னார். வாடிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பிப் பதில் சொன்னார்.

"நல்லாக் காஞ்ச மரம் சார். பயப்படாம எடுத்துட்டுப் போங்க."

"அவுங்ககிட்ட சொல்லுங்க."

மனிதர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று முடிவுக்கு வந்தவர் போல, என் காதருகில் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"ஏன் சார்... ஆசாரியையும் ஒரு எட்டு கூட்டியாந்திருக்கலாம்ல?"

"வந்திருக்காங்களே" என்றேன்.

அவர் அம்மாவைத் தாண்டி, கேட் பக்கம் எட்டிப் பார்த்தார்.